வாடகை கூடிய வீட்டுக்கு மாறப்போகிறோம்: யூனிவர்சல் கிரெடிட் ஏறுமா, கவுன்சில் உதவுமா?

கொடிமல்லிகை · 2026 பெப்ரவரி 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

லண்டனின் வெளிப்பகுதியில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மகளுக்கு வருகிற மார்ச் 14ஆம் திகதி 10 வயதாகிறது, மகனுக்கு 6. ஏழு வருடமாக ஒரு படுக்கையறை பிளாட், வாடகை 1,200 பவுண். பிள்ளைகள் அறையில், நாங்கள் ஹோலில். ஜன்னல் பக்கச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். துடைத்தால் இரண்டு கிழமையில் திரும்ப வந்துவிடும். மகனுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இழுப்பு.

கணவர் வேலை செய்த கிடங்கு ஒக்டோபரில் மூடிவிட்டது. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மாதம் 620 பவுண் கைக்கு வரும். யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி, வாடகைப் பகுதியும் சேர்த்து மாதம் 2,345 அளவில் வருகிறது. பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட் தனி.

இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட மூன்று அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். வாடகை 1,950. ஏஜென்ட் வெள்ளிக்கிழமைக்குள் 450 பவுண் முன்பணம் கட்டி வீட்டைப் பிடிக்கச் சொல்கிறார். வாடகை ஏறினால் யூனிவர்சல் கிரெடிட்டும் அந்த அளவுக்கு ஏறும்தானே என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈஸ்ட்ஹாம்காரன் · பெப்ரவரி 3, இரவு 11.15

ஏறும் தங்கச்சி, ஆனால் முழுசாக ஏறாது. நாங்கள் 2024இல் மாறினோம். புது அக்ரிமென்டை யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் இருக்கும் ஜர்னலில் ஏற்றினோம், அடுத்த காசிலேயே கூடி வந்தது. ஆனால் தனியார் வீட்டு வாடகை உதவிக்கு எல்எச்ஏ என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அதற்கு மேலே உள்ளது உங்கள் கையிலிருந்துதான் போகும். உங்கள் போஸ்ட்கோட் போட்டால் அரசாங்கத்தின் எல்எச்ஏ பக்கத்தில் காட்டும், பாருங்கள்.

---

கொடிமல்லிகை · பெப்ரவரி 4, காலை 6.20

நன்றி அண்ணா. பார்த்தேன். எங்கள் பகுதியில் இரண்டு அறைக்கு ஏறத்தாழ 1,450, மூன்று அறைக்கு 1,795 என்று இருக்கிறது. எங்களுக்கு எத்தனை அறைக்குத் தருவார்கள் என்றுதான் விளங்கவில்லை.

---

பனையோலை · பெப்ரவரி 4, மதியம் 1.05

வெள்ளிக்கிழமை ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள், காசும் கட்டாதீர்கள். காரணம் சொல்கிறேன். நான் சில வருடம் ஒரு ஆலோசனை நிலையத்தில் தொண்டராக இருந்தவன். உங்களைப்போல வந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அறைக் கணக்கு. தம்பதிக்கு ஒரு அறை. 10 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள் என்றால், ஆணோ பெண்ணோ, ஒரே அறைதான். ஒருவருக்கு 10 ஆனதும், ஆணும் பெண்ணுமாக இருந்தால் தனித்தனி அறை. அதாவது மார்ச் 14 வரை உங்களுக்கு இரண்டு அறை, அதற்குப் பிறகு மூன்று. இந்த வீட்டுக்கு இன்றைக்கே போனால் வாடகையில் 500 பவுண் காணாது. மகளின் பிறந்தநாளுக்குப் பிறகு போனால் 155தான் காணாது. பிறந்தநாளை ஒட்டி மாறுவது நல்லது என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

எல்எச்ஏ ஏன் சந்தை வாடகையை எட்டுவதில்லை என்றால், அது ஒரு பகுதியின் வாடகைகளில் கீழ்ப்பக்க 30 சதவீதத்தை வைத்துப் போடும் கணக்கு. 2011க்கு முன்னால் நடுப்புள்ளி வரை தந்தார்கள். 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்தினார்கள், அதற்குப் பிறகு அசையவில்லை. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆனால் என் பயம் எல்எச்ஏ இல்லை. இன்னொரு வரம்பு இருக்கிறது, பெனிபிட் கேப். உங்கள் ஸ்டேட்மெண்டிலோ ஜர்னலிலோ அந்தச் சொல் எங்காவது இருக்கிறதா? ஒக்டோபர், நவம்பர் செய்திகளை வடிவாகத் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

கொடிமல்லிகை · பெப்ரவரி 4, மாலை 5.50

இருக்கிறது அண்ணா. நவம்பரில் வந்த செய்தி. 9 மாதத்துக்கு பெனிபிட் கேப் பொருந்தாது, ஜூன் வரை என்று எழுதியிருக்கிறார்கள். பொருந்தாது என்றுதானே போட்டிருக்கிறது என்று அப்போது மூடி வைத்துவிட்டேன்.

---

பனையோலை · பெப்ரவரி 4, இரவு 8.30

நினைத்தது சரியாகிவிட்டது. ஆறுதலாக வாசியுங்கள், கணவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பெனிபிட் கேப் என்றால் ஒரு குடும்பத்துக்கு எல்லா உதவியும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற வரம்பு. லண்டனில் தம்பதிக்கும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் வருடம் 25,323 பவுண், மாதத்துக்கு 2,110. லண்டனுக்கு வெளியே 22,020. சைல்ட் பெனிபிட்டும் இதற்குள்தான் அடங்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு அது மாதம் 187. அதைக் கழித்தால் யூனிவர்சல் கிரெடிட்டாக உங்களுக்கு வரக்கூடியது அதிகபட்சம் 1,923தான்.

இப்போது 2,345 வருவது சலுகைக் காலம் என்பதால். கணவர் முந்தைய 12 மாதமும் தொடர்ந்து உழைத்திருந்ததால் 9 மாதம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஜூன் முடிந்ததும் வெட்டு விழும், இருக்கிற வீட்டிலேயே இருந்தாலும்.

இனி புது வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அடிப்படைத் தொகை 628, மகளுக்கு 339, மகனுக்கு 293, வாடகைக்கு 1,795. மொத்தம் 3,055 அளவில். உங்கள் சம்பளத்தில் முதல் 411 பவுணை விட்டுவிட்டு மிச்சத்தில் 55 சதவீதம் கழிப்பார்கள், அது 115. ஆக 2,940 வரும். பார்க்க நல்லாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதம் வரும். அப்புறம் ஜூலையில் 1,923. வாடகையே 1,950. வருகிற யூனிவர்சல் கிரெடிட் முழுவதையும் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாலும் 27 பவுண் குறையும். உங்கள் 620உம் சைல்ட் பெனிபிட்டும்தான் சாப்பாடு, கரண்ட், காஸ், பஸ் எல்லாவற்றுக்கும்.

இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இரண்டு பேர் உழைப்பும் சேர்த்து மாதம் 846 பவுண் கைக்கு வந்தால் கேப் உங்களைத் தொடாது. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேர வேலை என்ற கணக்கு அது. ஏப்ரலில் ஊதியம் மணிக்கு 12.71 ஆக ஏறுகிறது, அதோடு இந்த 846உம் ஏறும். இப்போது உங்களிடம் இருப்பது 620. குறைவது 226 பவுண், வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த ஐந்து மணி நேரம் சம்பளமாகக் கொண்டுவருவது சிறியது, ஆனால் ஜூலைக்குப் பிறகு யூனிவர்சல் கிரெடிட்டில் 890 பவுண் அளவுக்குக் காப்பாற்றித் தருகிறது. கணவருக்கு ஒரு பகுதிநேர வேலை கிடைத்தாலும் இதே கணக்குத்தான்.

வீட்டில் யாருக்காவது பிப் என்ற இயலாமை உதவி, அல்லது பிள்ளைக்கு அதேபோன்ற டிஎல்ஏ கிடைத்தாலும் கேப் விலகும். மகனின் இழுப்பு எவ்வளவு கடுமை என்று எனக்குத் தெரியாது. டாக்டரோடு கதைத்துப் பாருங்கள்.

---

கொடிமல்லிகை · பெப்ரவரி 5, அதிகாலை 4.55

இரவு முழுக்க நித்திரை இல்லை. கணவர் மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே விடைதான். ஏஜென்டிடம் இந்த வெள்ளி ஏலாது என்று சொல்லப்போகிறோம்.

---

பழைய_ரயில் · பெப்ரவரி 5, காலை 9.10

நான் வேறு விதமாகச் சொல்வேன். மாறவே வேண்டாம். லண்டனில் 1,200க்கு இனி எந்த வீடும் கிடைக்காது. ஒருமுறை விட்டால் போனதுதான். உள்ளூர் கவுன்சிலின் வீட்டுப் பதிவில் இட நெருக்கடி என்று போட்டுவிட்டுக் காத்திருங்கள், வருடங்கள் ஆகும், ஆனால் கிடைக்கும் வீடு நிலைக்கும். பூஞ்சணத்துக்குக் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், வீட்டுக்காரரைத் திருத்த வைக்கலாம். கோபத்தில் இருக்கிற வீட்டை விட்டுவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். தானாக விட்டவர் என்று எழுதிவிட்டால் கவுன்சில் வீடு தர வேண்டிய கடமை ஏறத்தாழ இல்லாமல் போய்விடும்.

---

நிலாமுற்றம் · பெப்ரவரி 5, மதியம் 12.40

ரயில் அண்ணா, கடைசி வரியோடு முழுமையாக உடன்படுகிறேன். மற்றதோடு இல்லை. 10 வயதுப் பெண்பிள்ளை தம்பியோடு ஒரு அறையில், தாய் தகப்பன் ஹோலில். கவுன்சில் வரிசையில் வருடக்கணக்காக நில்லுங்கள் என்று ஒரு தாயிடம் எனக்குச் சொல்ல வராது. பிள்ளை வளர்வது நிற்காது.

மாறலாம், ஆனால் கணக்கோடு. என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். 2024இல் டக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவியிலிருந்து எங்களை யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றினார்கள். பழைய தொகை குறையாமல் இருக்க இடைக்காலப் பாதுகாப்பு என்று மாதம் 210 பவுண் சேர்த்துத் தந்தார்கள். அடுத்த வருடம் வீடு மாறினோம், வாடகை உதவி 200 பவுண் ஏறியது. சந்தோஷமாக இருந்தோம். ஸ்டேட்மெண்ட் வந்தபோது பாதுகாப்புத் தொகை 10 பவுண் என்று நின்றது. வாடகைப் பகுதி ஏறினால் அந்தத் தொகை அதே அளவுக்குக் கரையும் என்பது விதி. எனக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஆக 200 பவுண் கூடிய வாடகைக்கு எங்களுக்குக் கிடைத்த உதவி பூச்சியம். மாற்றக் கடிதம் வந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போனவர்கள் வீடு தேட முதல் ஸ்டேட்மெண்டில் அந்தப் பாதுகாப்புத் தொகையைப் பாருங்கள்.

அந்தப் பள்ளத்தை மூட டிஎச்பி கேட்டோம். கவுன்சில் தன் விருப்பப்படி தரும் உதவி அது. யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பகுதி வாங்குபவர்களும் ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவி வாங்குபவர்களும்தான் கேட்கலாம். முதல் தரம் மறுத்தார்கள். கட்ட முடியாது என்று தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி, எங்களிடம் பதில் இல்லை. தீர்ப்பாயத்துக்கு முறையிட உரிமை கிடையாது, மறுபடி பாருங்கள் என்று கவுன்சிலிடமே கேட்கலாம். கேட்டோம். மூத்தவனின் பரீட்சை, பள்ளிக்கூடத்தின் கடிதம், மூன்று மாத பாங்க் ஸ்டேட்மெண்ட், வரவு செலவுக் கணக்கு எல்லாம் வைத்தோம். ஆறு மாதத்துக்குத் தந்தார்கள்.

அதனால் கொடிமல்லிகை, வீடு எடுத்த பிறகு போகாதீர்கள். கையெழுத்துக்கு முன்னாலேயே கவுன்சிலிடம் போங்கள். டெபாசிட், முதல் மாத வாடகை, வான் கூலி எல்லாவற்றுக்கும் டிஎச்பியில் கேட்கலாம். மாறிய பிறகு வாடகைப் பற்றாக்குறைக்குக் கேட்பதைவிட, மாற முதல் டெபாசிட்டுக்குக் கேட்பது எங்களுக்குத் தெரிந்த பலருக்குச் சுலபமாக நடந்திருக்கிறது.

---

பனையோலை · பெப்ரவரி 5, மாலை 6.15

நிலாமுற்றம் சொன்னதோடு ஒன்று. ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் டிஎச்பி தனியாக இருக்காது. கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற புது நிதிக்குள் போகிறது. அதுவும் கவுன்சில் வழியாகத்தான். இந்த வருடக் காசு மார்ச் 31உடன் முடிகிறது. சில இடங்களில் பெப்ரவரியிலேயே பெட்டி காலியாகிவிடும், அதனால் நாளைக்கே போடுங்கள்.

டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, வீட்டைப் பிடிக்கக் கட்டும் காசு ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. 2019 சட்டம். வீடு எடுக்கும்போது வேறு ஏஜென்ட் கட்டணம் எதுவும் கிடையாது. ஆறு மாதம் யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தவர்கள் பட்ஜெட்டிங் அட்வான்ஸும் கேட்கலாம், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 812 வரை. ஆனால் அது கடன், மாதாமாதம் பிடிப்பார்கள். கடந்த ஆறு மாத உழைப்பு தம்பதிக்கு 3,600க்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் 620ஐ ஆறால் பெருக்கினாலே 3,720, ஆகவே இது உங்களுக்குச் சரிவராது.

---

கொடிமல்லிகை · பெப்ரவரி 9, இரவு 9.30

பள்ளிக்கூட மனேஜரிடம் கேட்டேன். காலை உணவு கிளப்பில் ஆள் போய்விட்டார், மார்ச் 2 முதல் வாரம் 17 மணி நேரமாகக் கூட்டித் தருகிறேன் என்றார். மாதம் 900 அளவில் வரும். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன்.

வேறு வீடு ஒன்று பார்த்தோம், கொஞ்சம் தள்ளி. மூன்று அறை, மூன்றாவது சின்னது, 1,725. எல்எச்ஏக்குள் வருகிறது. ஆனால் இந்த ஏஜென்ட் யூனிவர்சல் கிரெடிட் என்றதும் ஆறு மாத வாடகை முன்னால் வேண்டும் அல்லது வருடம் 60,000 உழைக்கும் ஒருவர் கேரண்டராக, அதாவது வாடகைக்குப் பிணையாக, நிற்க வேண்டும் என்கிறார். நாங்கள் எங்கே போவது?

---

ஈஸ்ட்ஹாம்காரன் · பெப்ரவரி 9, இரவு 10.05

17 மணி நேரம்! சந்தோஷம் தங்கச்சி.

ஏஜென்ட் விஷயம் எல்லோருக்கும் நடக்கிறது. புது வாடகையாளர் சட்டம் மே 1இல் தொடங்குகிறது. அதற்குப் பிறகு செய்யும் ஒப்பந்தங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது, பெனிபிட் எடுப்பவர் என்று மறுக்கவும் முடியாது. இப்போது ஆறு மாதம் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெனிபிட் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக மறுப்பது பாகுபாடு என்று யோர்க் நீதிமன்றம் 2020இலேயே சொல்லிவிட்டது. சண்டை பிடிக்காதீர்கள். ஏழு வருடம் ஒரு நாளும் தவறாமல் வாடகை கட்டிய பாங்க் ஸ்டேட்மெண்டையும் இப்போதைய வீட்டுக்காரரின் கடிதத்தையும் கொண்டுபோய், வீட்டுக்காரரிடமே கதைக்க முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு அதுதான் வேலை செய்தது.

---

கோவைக்காற்று · பெப்ரவரி 10, காலை 8.00

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் 2023இல் வந்தேன். குழந்தை பிறந்திருக்கிறது, பெரிய வீட்டுக்கு மாற வேண்டும். டிஎச்பி நாங்கள் கேட்கலாமா?

---

பனையோலை · பெப்ரவரி 10, காலை 8.40

வேண்டாம் தம்பி. உங்கள் விசாவில் அரசு உதவி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட், கவுன்சில் டக்ஸ் என்ற வீட்டு வரியில் தரும் குறைப்பு எல்லாம் அதில் அடங்கும், டிஎச்பிக்கு யூனிவர்சல் கிரெடிட்டே அடிப்படை. தெரியாமல் எடுத்தால் விசா நீட்டிப்பில் பிரச்சினை வரும். யார் என்ன சொன்னாலும் குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் ஒரு படிவமும் நிரப்பாதீர்கள்.

---

வாழைக்குலை · பெப்ரவரி 12, மாலை 7.25

எங்கள் மாமாவின் வீடு காலியாக இருக்கிறது, அவர் வேறு இடத்தில் இருக்கிறார். சொந்தக்காரர் வீட்டுக்கு வாடகை உதவி தரமாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

---

பனையோலை · பெப்ரவரி 12, இரவு 9.00

நெருங்கிய சொந்தக்காரர் அதே வீட்டில் உங்களோடு இருந்தால் தரமாட்டார்கள். வேறு வீட்டில் இருந்தால் தரலாம், ஆனால் உண்மையான வாடகை ஒப்பந்தமாக இருக்க வேண்டும். எழுத்தில் அக்ரிமென்ட், மாதாமாதம் பாங்க் வழியாகக் காசு. கையில் கொடுத்தேன் என்றால் நம்ப மாட்டார்கள்.

---

கொடிமல்லிகை · மார்ச் 6, இரவு 10.10

வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்! கடிதத்தையும் ஸ்டேட்மெண்டையும் பார்த்துவிட்டு ஒரு மாத வாடகையும் டெபாசிட்டும் போதும் என்றார். டெபாசிட் 1,990. டிஎச்பியில் கவுன்சில் 1,400 தருகிறது, கடிதம் இன்று வந்தது. மீதியை அண்ணா தருகிறார். முதல் மாத வாடகை எங்கள் சேமிப்பு. மார்ச் 20 சாவி. ஒரு கேள்வி: எங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கு மாதம் 24ஆம் திகதியோடு முடிகிறது. 20இல் போனால் நாலு நாளுக்குத்தான் புது வாடகை தருவார்களா?

---

பனையோலை · மார்ச் 6, இரவு 10.50

இல்லை, இதில் விதி உங்கள் பக்கம். கணக்கு மாதத்துக்குள் மாற்றம் நடந்தால் அந்த மாதம் முழுவதற்கும் புது வாடகையையே எடுப்பார்கள். மகளுக்கு 10 வயதானதும் அதே மாதத்துக்குள் வருகிறது. ஆனால் 24க்குள் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பிந்திச் சொன்னால், கூடும் காசை நீங்கள் சொன்ன மாதத்திலிருந்துதான் தருவார்கள். சாவி வாங்கிய அன்றைக்கே ஜர்னலில் பதியுங்கள், அக்ரிமென்டின் எல்லாப் பக்கங்களையும் ஏற்றுங்கள்.

இன்னொன்று. யூனிவர்சல் கிரெடிட் பொதுவாக இரண்டு வீட்டுக்கு வாடகை தராது. பழைய வீட்டு நோட்டீஸ் எப்போது முடிகிறது?

---

கொடிமல்லிகை · மார்ச் 6, இரவு 11.00

மார்ச் 27. ஒரு வாரம் மேலே போகும், சமாளிக்கிறோம்.

---

பழைய_ரயில் · மார்ச் 7, காலை 7.30

வாழ்த்துகள் மகள். நான் வேண்டாம் என்று சொன்னது பயத்தில்தான். புது முகவரிக்குக் கவுன்சில் டக்ஸ் குறைப்பை மறக்காமல் தனியாகக் கேளுங்கள், யூனிவர்சல் கிரெடிட்டோடு அது தானாக வராது. டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

---

கொடிமல்லிகை · மார்ச் 31, இரவு 9.45

இன்று காசு வந்தது. வாடகைப் பகுதி 1,725 என்று முழுசாக இருக்கிறது. சம்பளம் கூடியதால் மொத்தம் 2,716. கேப் என்ற சொல்லை மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன், இல்லை. டெபாசிட் பதிந்த கடிதமும் வந்துவிட்டது. கவுன்சில் டக்ஸ் படிவம் நாளைக்கு.

சின்ன அறையை மகள் எடுத்துக்கொண்டாள். கதவில் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள், தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம். மகன் இன்றைக்கு மட்டும் இருபது தரம் தட்டியிருப்பான்.